இசக்கிக்கு நான் போட்ட மூன்று பாஸ்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து என் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். கையில் ஒரு பட்டியல். "டீச்சர், எங்க வகுப்புல இந்த அஞ்சு பேரும் சுத்த மந்தம், என்ன செய்ய?" என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பத்து நாளில் ஐந்து பிள்ளைகளின் மூளையை அளந்து முடித்த உங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டு, ஏனென்றால் நான் உங்களைவிடப் பெரிய தப்பைச் செய்தவள். நீங்கள் பட்டியலில் வேண்டாத பெயரைச் சேர்க்கிறீர்கள். நானோ இருக்க வேண்டிய ஒரே பெயரை விட்டுவிட்டேன். அதுவும் ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து, தென்காசியில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தேன். பள்ளிக்கு மேனேஜர் ஒருவர் உண்டு. நிறைய வயல் உள்ளவர், பள்ளிக்கூடத்தையும் வயலைப் பார்ப்பதுபோல வரப்பில் நின்றே பார்ப்பார். டீச்சர்கள் நாங்கள் இரண்டே பேர். பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே கூடத்தில் என் தலையில். வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டரம்மா வருவார். தேறாத பிள்ளையின் பெயருக்கு எதிரே காரணம் எழுதி வைத்திருக்க வேண்டும். முதல் வருஷம் நானும் உங்களைப் போலத்தான், மூன்று பெயருக்கு எதிரே மந்தம், மந்தம், மந்தம் என்று எழுதி வைத்தேன்.

இன்ஸ்பெக்டரம்மா அந்த மூன்று பேரையும் தனியாக அழைத்துப் பேசினார். முதல் பிள்ளை மலையாள எல்லையில் புளியறைப் பக்கமிருந்து குடிவந்த வீடு. இன்ஸ்பெக்டரம்மா மலையாளத்தில் ஒரு வார்த்தை கேட்டதும் அந்தக் குழந்தை மடை திறந்தாற்போல் பேசத் தொடங்கியது. இரண்டாவது பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, கிட்டே கொண்டுபோய் நிறுத்தியதும் கடகடவென்று வாசித்தாள். மூன்றாவது பிள்ளை விடியுமுன் வயலுக்குப் போய்க் குருவி விரட்டிவிட்டு வருகிறவள், வகுப்பில் தூங்காமல் என்ன செய்வாள்? "டீச்சர், இதில் யார் மந்தம்?" என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டரம்மா என்னையே பார்த்தார். கூடத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதிலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்றா? இல்லை. இனிமேல் யார் பெயருக்கு எதிரேயும் மந்தம் என்று எழுதக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். சூடுபட்ட பயத்தில் அடுத்த வருஷத்திலிருந்து எல்லோருக்கும் பாஸ். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். என்னைக் கெட்டிக்கார டீச்சர் என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

அந்த ஜூனில்தான் இசக்கி பள்ளியில் சேர வந்தாள். அப்போதெல்லாம் பிறந்த தேதி யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஐந்து வயது ஆயிற்று, சேர்த்துக்கொள்வோம். வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் தொட்டுக் காட்டினார்கள். இசக்கி சும்மா நின்றாள். "காதைத் தொடுட்டி" என்றேன். சிரித்தாள். நான் எப்படிச் செய்வது என்று செய்து காட்டினேன். அதற்கும் சிரித்தாள். பின்னால் இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள். பொறுமை போய், அவள் கையை நானே பிடித்து, தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதில் வைத்தேன். தாராளமாக எட்டியது. சேர்த்துக்கொண்டேன்.

கை எட்டியதா என்று பார்த்தேனே தவிர, சொன்னது அவளுக்கு எட்டியதா என்று பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் அம்மா என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பொறவு பேசிக்கிடலாம்மா" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பிறகு நான்காவது வருஷம்தான் வந்தது.

இசக்கியைப் போல ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்ணெய் தடவி வாரிய தலை, தோய்த்த பாவாடை. உட்கார் என்றால் உட்காருவாள், எழு என்றால் எழுவாள். வாய்ப்பாடு சொல்லும்போது கூடத்திலேயே அவள் குரல்தான் கணீரென்று கேட்கும். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்". மற்றதுகள் சண்டை, அழுகை, கோள்மூட்டல். இவள் வாயில்லாப் பூச்சி. இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் எந்த டீச்சருக்குத்தான் பிடிக்காது? கெட்டிக்காரியான செல்லம்மாளுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்தேன். சிலேட்டில் இரண்டு பேர் விடையும் ஒன்றுபோல இருக்கும். பாலர் வகுப்பில் பாஸ், முதல் வகுப்பில் பாஸ், இரண்டாம் வகுப்பிலும் பாஸ். ஒரு தடவை இசக்கியின் சிலேட்டின் தலைப்பில் "செல்லம்மாள்" என்று எழுதியிருந்தது. குறும்பு என்று நினைத்துக் காதைத் திருகினேன். கண்ணால் பார்த்தும் புரியவில்லை என்றால் அந்தக் கண் எதற்கு, சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் அவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினேன். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை மூன்று மாட்டுவண்டிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். அதில் ஒரு வண்டி இசக்கியின் அப்பாவுடையது. அவர் ரயிலடியில் வண்டி வைத்திருந்தார், சீசனுக்கு வருகிறவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் விடுவார். பெரிய பிள்ளைகள் குளித்துவிட்டார்கள். சின்னதுகளை அருவிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில், கணுக்கால் ஆழத்தில் விளையாட விட்டிருந்தோம். இரண்டு பேர் சொல்லாமல் மறுபடி அருவிக்குள் போய்விட்டார்கள். அவர்களைப் பிடித்துவர நான் மேலே ஏற வேண்டியிருந்தது. பாலர் வகுப்புக் கோமு கொஞ்சம் துடுக்கு. அவள் கையை இசக்கியிடம் கொடுத்தேன்.

"இசக்கி, கோமு கைய விட்டுறாத. நான் வாரது வரைக்கும் இங்கனயே நிக்கணும்."

"சரி டீச்சர்."

மலைமேல் எங்கேயோ நல்ல மழை போலிருக்கிறது. நான் அந்த இரண்டு பேரையும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கிவிட்டது. கீழே இருந்தவர்கள் எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளைகூட ஏறிவிட்டது. இசக்கி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அவளுக்கு இடுப்பளவு தண்ணீர், கோமுவுக்குக் கழுத்தளவு. கோமு கதறிக்கொண்டு இசக்கியின் மணிக்கட்டைக் கடிக்கிறாள். அவள் பிடியை விடவில்லை.

"ஏட்டி, மேல ஏறு! தண்ணி கூடுது பாரு!" என்று கரையிலிருந்து பத்துப் பேர் கத்துகிறார்கள். நானும் மேலிருந்து "வந்துரு இசக்கி, வந்துரு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மங்குஸ்தான் பழம் விற்கிற ஒரு பொம்பளை கூடையைப் போட்டுவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தாள். இசக்கி வரமாட்டேன் என்று பாறையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர் வரல! டீச்சர் வரல!" என்று வீரிட்டாள். அந்தப் பழக்காரி அவள் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர்கள் கரைக்கு வந்து நான் மூச்சு விடுவதற்குள் அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது.

ஊர் என்ன பேசிற்று தெரியுமா? "வெள்ளத்துலயும் சின்னப்பிள்ள கைய விடலயே, என்ன பொறுப்பு பாருங்க" என்று பேசிற்று. மேனேஜர் கீழ்ப்படிதலுக்காக அவளுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை மற்ற பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு இசக்கியை மட்டும் என் முன்னால் உட்காரவைத்தேன். நாலு வருஷத்தில் அவளோடு தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. இரண்டாம் வாய்ப்பாடு சொல் என்றேன். பேசாமல் இருந்தாள். நான் "ஓரெண்டு ரெண்டு" என்று தொடங்கினேன், கூடவே சொன்னாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். இரண்டு சிலேட்டு எடுத்து வா என்றேன், கைகொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள். உங்க தெரு பேர் என்ன என்று கேட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள். வயசு என்ன என்று கேட்டதற்கும் அதேதான். நான் சந்தோஷமாக இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் முந்தானையைத் தொட்டு இன்னொரு தரம், இன்னும் கணீரென்று, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். இசக்கிக்குப் புத்தி வயசுக்குத் தகுந்தபடி வளரவில்லை போலிருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அது இவ மூணு வயசுலயே எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். "பள்ளிக்கூடத்துல சேக்க வந்த அன்னைக்கே உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். நீங்க பொறவு பேசலாம்னுட்டீங்க. அடுத்த வருசம் பாஸுன்னீங்க. அடுத்ததும் பாஸு. படிச்ச டீச்சரே சொல்லுதாகளே, நாமதான் பெத்த பிள்ளைய தப்பா நெனச்சிட்டோம்னு அழுது கும்பிட்டேன். அதுக்கு அப்புறம்தான் கைப்பிள்ளைய இவகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். இவ அப்பாவுக்குச் சோத்தக் குடுத்து, தனியா ரயிலடிக்கு அனுப்புதேன். இப்ப வந்து இப்படிச் சொல்லுதீகளே."

கால் கழுவிய செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்குக்கூட நான் பயப்படல டீச்சர். எவன் கூப்பிட்டாலும் பின்னாலேயே போயிருவா. நில்லுன்னா நிப்பா. அதுக்குத்தான் பயப்படுதேன். வயசுக்கு வந்துட்டான்னா நான் என்ன செய்வேன்?"

நீங்கள் பட்டியலோடு வரும்போது நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்று இப்போதாவது புரிகிறதா? ஒரு தாய்க்குத் தெரிந்திருந்த உண்மையை என் மூன்று பாஸ் பொய்யாக்கிவிட்டது. படிக்காதவள் சரியாகப் பார்த்ததைப் படித்தவள் அழித்துவிட்டேன். பிள்ளையைச் சோதிப்பதற்கு முன்னால் பெற்றவளிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். கூட்டத்தோடு சேர்ந்து சொல்கிறதை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். முரண்டு பிடிக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சத்தமே போடாமல், சொன்னதையெல்லாம் செய்கிற பிள்ளையிடம் முதலில் போங்கள்.

மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். பரிசு கொடுக்கக் கிளம்பியவர், பெயரை நீக்கிவிடுங்கள் என்றார். "நீண்ட நாள் வரவில்லைன்னு எழுதுங்க டீச்சர், யாரு கேக்கப் போறா?" நான் எழுதமாட்டேன் என்றேன். இவள் மூன்று வகுப்பு தேறியது என் தப்பு, அதையும் சேர்த்து இன்ஸ்பெக்டரம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றேன். அதைக் கேட்டதும் மனிதர் இறங்கிவந்தார். பள்ளிக்கூடத்தின் மற்ற பாஸ்களையும் யாராவது கிளறிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. இசக்கி இருக்கட்டும், தொந்தரவு என்று ஒரு புகார் வந்தால் அன்றைக்கே நீக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு வாய்ப்பாடு கிடையாது. ஒரே பாடம்தான். மாட்டேன் என்று சொல்லப் பழக்குவது.

சிரிக்காதீர்கள். என் வேலையிலேயே கடினமான பாடம் அதுதான். பிள்ளைகளை அடக்குவதற்குத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அடங்காமலிருக்கப் பழக்குவதற்கு அல்ல. முதல் நாள், "மண்ணைத் தின்னு" என்றேன், மாட்டேன் என்று சொல்லவைக்கலாம் என்று. அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். கையைத் தட்டிவிட்டுவிட்டு நான் உட்கார்ந்து அழுதேன். சிலேட்டைக் கிணற்றில் போடு என்று செல்லம்மாள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சிலேட்டு கிணற்றில் கிடந்தது. இரண்டு மாதம் இந்தக் கதைதான். பிறகு ஒரு நாள் அந்தச் சொல் பிடிபட்டது. பிடிபட்டதும் எல்லாவற்றுக்கும் மாட்டேன். உட்காருட்டி, மாட்டேன். சாப்பிடுட்டி, மாட்டேன். "என்ன டீச்சர், நல்லா இருந்த பிள்ளைய இப்படி ஆக்கிட்டீகளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

மறுபடி பழக்கினோம். தெருவில் அவளுக்குத் தெரியாத பெண்களாகப் பார்த்துக் கெஞ்சிக் கூட்டிவந்து, "வாட்டி, போவோம்" என்று கூப்பிடச் சொல்வோம். போனால், திரும்பக் கூட்டிவந்து முதலிலிருந்து தொடங்குவோம். போகாமல் நின்றால் ஒரு துண்டு வெல்லம். அம்மா, அப்பா, டீச்சர் கூப்பிட்டால் வரலாம். வேறு யார் கூப்பிட்டாலும் மாட்டேன். வருஷம் முழுவதும் இதுதான். எத்தனை நாள் பொறுமை இழந்து கத்தினேன் என்று கணக்கில்லை. வெல்லம் தீரும், என் குரல் கட்டிப்போகும், அவள் மறுபடியும் யார் பின்னாலேயோ சிரித்துக்கொண்டு போவாள்.

அடுத்த சீசன் வந்தது. ஒரு நாள் மத்தியானம் மேனேஜர், பெரிய மனிதர் ஒருவரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்க வந்தவர், மேனேஜருக்குத் தெரிந்தவர். சட்டை கலைந்திருந்தது, முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், உங்க பிள்ளைக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியுமா?" என்றார் மேனேஜர். "வீட்டம்மாவுக்கு எடுபிடி வேலைக்கு ஒரு பிள்ளை வேணும்னு, அப்பனுக்குச் சோறு கொண்டு வந்த இசக்கிய ஐயா ரயிலடியில கூப்பிட்டிருக்காக. மாட்டேன்னாளாம். கையைப் பிடிச்சுக் கூப்பிட்டதுக்கு, ஸ்டேஷனே கூடுத மாதிரி மாட்டேன் மாட்டேன்னு கத்தியிருக்கா. நாலு வண்டிக்காரன் வந்து ஐயாவ மறிச்சுக்கிட்டானுவோ. எவ்வளவு பெரிய அவமானம்!"

அந்த மனிதர் நல்லவராகவே இருந்திருக்கலாம். நிஜமாகவே எடுபிடி வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் மாட்டேன் மாட்டேன் என்று கத்தினாள் என்பது மட்டும்தான். சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இசக்கியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்றார் மேனேஜர். கூப்பிட்டேன். வாசலில் அவள் அம்மாவும் வந்து நின்றாள், செய்தி கேட்டு வயலிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், கால் முழங்கால் வரை சேறு.

"இசக்கி, ஐயாகிட்ட போயி மன்னிப்புக் கேளும்மா" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டீச்சர் சொன்னால் கேட்கலாம் என்று நான்தானே சொல்லிவைத்திருந்தேன்.

"மாட்டேன்" என்றாள்.

மேனேஜர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பெயரை அடித்து, காரணம் என்ற இடத்தில் "கீழ்ப்படியாமை" என்று எழுதச் சொன்னார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேனாவை மையில் நன்றாகத் தோய்த்து, கோடு கோணாமல், அழகாக எழுதினேன். அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு அம்மா உள்ளே வந்தாள்.

"பேரை வெட்டிட்டாகளா டீச்சர்? என்னன்னு எழுதியிருக்கு?"

"சொன்ன பேச்சுக் கேக்கமாட்டாளாம்."

அவள் இசக்கியின் தலையைத் தன் சேற்றுக் கையாலேயே தடவினாள். எழுத்துத் தெரியாதவள், நான் எழுதிய இடத்தை விரலால் தேடினாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ வாசிங்க டீச்சர்" என்றாள்.